ஊர்ப் பயணம் முதலில், குடியுரிமை விழா பிறகு

பிரிட்டிஷ் குடியுரிமை விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டதென்று விழாவுக்கு அழைப்பு வந்திருக்கிறதா? ஏற்கெனவே ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தால், திரும்பி வந்த பிறகு உள்ள தேதியைக் கவுன்சிலில் கேட்டு வாங்குங்கள். அழைப்பிலிருந்து 3 மாத அவகாசம் உண்டு.

விழாவில் உறுதிமொழி எடுக்கும் வரை உங்கள் நிரந்தர வதிவிட உரிமை செல்லும். பழைய பாஸ்போர்ட்டிலேயே போய்வரலாம். உறுதிமொழி எடுத்ததும் பிரிட்டிஷ் குடியுரிமை வந்து, அந்த உரிமை முடிந்துவிடும். அங்கே தரும் சான்றிதழ் பிரேம் போட்டுச் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். அதைக் காட்டி விமானம் ஏற முடியாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தியர்களுக்குத் தலைவலி இன்னும் கூடுதல்: அன்றோடு இந்தியக் குடியுரிமை போய்விடும், அந்தப் பாஸ்போர்ட்டைத் தொடவே கூடாது. அதை ஒப்படைத்துவிட்டு, ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) விசாவோ எடுத்துத்தான் ஊருக்குப் போக முடியும்.

3 மாதத்துக்கு அப்புறம்தான் பயணம் என்றால் இது பொருந்தாது. அப்போது கிடைக்கும் முதல் தேதியிலேயே விழாவை முடித்து, உடனே பாஸ்போர்ட்டுக்குப் போட்டுவிடுங்கள். விண்ணப்பம் மட்டும் அனுப்பி, கைரேகை இன்னும் கொடுக்காதவர்கள் அதைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.