முதலாண்டு மாணவர்களுக்கு நூலகப் பயிற்சி வகுப்பு நடத்துவது எப்படி?

எங்கள் கல்லூரி நூலகத்தில் நான் நடத்திய முதல் பயிற்சி வகுப்புக்கு முதலாண்டுத் தமிழ் இலக்கிய மாணவர்கள் 62 பேர் வந்திருந்தார்கள். நூலக நேரம், அபராதத் தொகை, அலமாரி வரிசை, மின்னிதழ்கள் என்று 38 ஸ்லைடுகளை 50 நிமிடத்தில் காட்டி முடித்தேன். கைதட்டினார்கள். அந்த வாரம் முழுவதும் அவர்களில் ஒருவர்கூட வந்து ஒரு புத்தகம் கேட்கவில்லை. அதன் பிறகு நடத்திய வகுப்புகளில் பட்டுத் தெரிந்துகொண்டதை, முதன்முறையாக இப்படி ஒரு வகுப்பை நடத்தவிருக்கும் நூலகர்களுக்காக இங்கே எழுதுகிறேன். உங்கள் நூலகத்தில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் இயங்குகிறது, மாணவர்கள் நூல்களைத் தேடுவதற்கு ஓபேக் என்ற கணினிப் பட்டியல் திறந்திருக்கிறது, புரொஜெக்டரும் இணையமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். அவற்றை அமைப்பது பற்றி இதில் ஒன்றும் இல்லை.

படி 1: அசைன்மென்ட் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள்

வகுப்புக்கான தேதியைக் குறிப்பதற்கு முன் துறைத்தலைவரிடம் சென்று, இந்தப் பருவத்தில் மாணவர்களுக்குக் கொடுத்திருக்கும் அசைன்மென்ட் தலைப்புகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தலைப்புகள் கொடுத்த வாரத்துக்கும் ஒப்படைக்க வேண்டிய வாரத்துக்கும் இடைப்பட்ட நாள்தான் உங்களுக்கான நாள். நூலகர் தினம் ஆகஸ்ட் 12 அன்றும் நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரையிலும் வருவதால் பெரும்பாலான கல்லூரிகளில் பயிற்சி நிகழ்ச்சிகளை அப்போதுதான் வைக்கிறார்கள். ஆகஸ்ட் நடுவில் முதலாண்டு மாணவருக்கு வகுப்பறை எது என்பதே பிடிபட்டிருக்காது; நவம்பர் நடுவில் பருவத் தேர்வு வந்துவிடும். கோலப்போட்டியையும் கண்காட்சியையும் அந்த நாள்களுக்கு விட்டுவிட்டு, பயிற்சியைச் செப்டம்பரில் வையுங்கள். தனி நேரம் கேட்காமல், பாட ஆசிரியரின் டே ஆர்டரில் (வகுப்புக் கால அட்டவணையில்) அவருடைய ஹவர் ஒன்றையே வாங்கிக்கொள்வதும், அவரையும் வகுப்பில் உட்காரச் சொல்வதும் நல்லது. மதிப்பெண் போடுகிறவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. என் முதல் வகுப்பில் அந்த ஐந்து விதிகளையும் விளக்கி அதே 62 வாசகர்களின் நேரத்தைத்தான் செலவழித்தேன். இப்போது விதிகளைப் பற்றி வாயே திறப்பதில்லை. அந்த நேரத்தில் ஒரு மாணவியின் அசைன்மென்ட் தலைப்பை எடுத்துக்கொண்டு, அதற்கான மூன்று நூல்களை எல்லார் முன்னிலையிலும் தேடி எடுக்கிறோம்.

படி 2: கணக்குகளை ஒரு வாரம் முன்பே திறந்து வையுங்கள்

அரசுக் கல்லூரி என்றால் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டம், 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் மதிப்பில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தருகிறது. எங்களுடையதைப் போல இத்திட்டத்துக்குள் வராத கல்லூரிகளுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்லிப்நெட் நடத்தும் என்-லிஸ்ட் என்ற மின்னிதழ், மின்னூல் திட்டம்தான் கைகொடுக்கிறது. மாணவர்களின் பெயர், துறை, மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைக் கல்லூரியின் நிர்வாகக் கணக்கு வழியாக ஏற்றினால் அவரவர் மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் போய்ச் சேரும்.

போய்ச் சேர வேண்டும் என்பதுதான் கணக்கு. நான் பயிற்சி நடத்திய இரண்டாவது ஆண்டில், கடவுச்சொல்லை வகுப்பிலேயே திறந்து நுழையச் சொன்னபோது 50 நிமிடத்தில் 9 பேர் மட்டுமே உள்ளே போனார்கள். பாதிப் பேருக்குத் தங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லே நினைவில் இல்லை; பள்ளியில் யாரோ கணினி மையத்தில் திறந்துகொடுத்த முகவரி அது. வகுப்புத் தலைவன் தட்டச்சு செய்த பட்டியலில் ஜிமெயில் டாட் காம் என்பது ஏழு இடங்களில் டாட் கான் என்று இருந்தது. போதாக்குறைக்கு, நூலகத்தின் உட்கூடத்தில் கைபேசிச் சிக்னல் கிடைக்காததால் ஓடிபி வரவில்லை என்று ஒரு கூட்டம் வாசலில் நின்றது.

இப்போது பட்டியலை நானே வாங்குகிறேன். ஒரு தாளில் ஒவ்வொருவரும் தன் கையால் முகவரியை எழுத, அதன் எதிரே நூலக உதவியாளர் ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பி, வந்துவிட்டது என்று மாணவர் சொன்ன பிறகே குறி போடுகிறார். 60 பேருக்கு மூன்று மதிய இடைவேளைகள் ஆகின்றன. சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் வகுப்புக்குள் போகாதீர்கள்.

படி 3: ஓபேக்கில் தேடிக் காட்டுங்கள், ஆனால் முந்தைய நாளே தேடிப் பாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒரு மாணவிக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு தமிழகத்தில் பௌத்தம். புரொஜெக்டரில் ஓபேக்கைத் திறந்து, பௌத்தம் என்று நானே தட்டச்சு செய்தேன். ஒரு நூலும் இல்லை என்று வந்தது. என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் பௌத்தத்தைப் பற்றிய நூல்கள் பதினொன்று இருக்கின்றன. முன்வரிசையில் இருந்த மாணவர் தன் கைபேசியில் தேடிவிட்டு, "சார், எனக்கு வருது" என்று திரையைக் காட்டினார். அதே சொல், அதே ஓபேக். அவருக்கு நான்கு நூல்கள் வந்திருந்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பௌ என்ற எழுத்தை, ப என்பதோடு ஔகாரக் குறியைச் சேர்த்து அடிப்பதுதான் முறை. ஆனால் பெ என்று அடித்து அதன் பக்கத்தில் ள என்ற முழு எழுத்தை அடித்தாலும் பார்ப்பதற்கு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும்: பௌத்தம், பெளத்தம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை கணினிக்கு இரு வேறு சொற்கள். எங்கள் பட்டியலைப் பல ஆண்டுகளாகப் பலர் தட்டச்சு செய்திருக்கிறார்கள். சிலர் குறியை அடித்தார்கள், சிலர் ளகரத்தை அடித்தார்கள். அந்த மாணவரின் கைபேசியும் ளகரத்தை அடித்திருந்ததால் அவருக்கு நான்கு நூல்கள் கிடைத்தன. மற்ற ஏழும் ரோமன் எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருந்தன. நான் சரியாக அடித்த ஒரே காரணத்தால் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இதை உங்கள் நூலகத்தில் சோதிக்க எளிய வழி உண்டு. ஐயத்துக்குரிய சொல்லை ஓபேக்கிலிருந்து படியெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஔகாரம் வரும் எழுத்துக்கு அடுத்ததாகக் கர்சரை நிறுத்தி, பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். ப மட்டும் எஞ்சினால் சரியான எழுத்து. பெ எஞ்சினால் ளகரம் அடித்திருக்கிறார்கள். ஔவையார், மௌனம், வௌவால், சௌராஷ்டிரர் ஆகிய நான்கு சொற்களை இருவகையிலும் தேடிப் பார்த்தாலே உங்கள் பட்டியலின் நிலைமை தெரிந்துவிடும்.

திருத்தும்போது நான் செய்த தவற்றை நீங்கள் செய்துவிடாதீர்கள். பதிவுகளைக் கோஹாவிலிருந்து இறக்கி, நூற்பதிவுகளைத் திருத்தும் மார்க்எடிட் மென்பொருளில் எகரக் குறியும் ளகரமும் சேர்ந்து வரும் இடங்களையெல்லாம் ஒரே ஆணையில் ஔகாரக் குறியாக மாற்றினேன். பௌத்தமும் மௌனமும் சரியாயின. அதோடு வெள்ளம், வெளிச்சம், தெளிவு, வெள்ளிவீதி என்று முறையாக ளகரம் வரும் சொற்கள் அத்தனையும் சிதைந்து, தலைப்புகளில் புள்ளியும் உயிர்க்குறியும் எழுத்தோடு சேராமல் வட்டங்களோடு தொங்கின. இறக்கிய மூலக் கோப்பு கையில் இருந்ததால் பிழைத்தேன். ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அதைத் தொடாமல், தனி ளகரமாக நிற்கும் இடங்களை மட்டும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். வெளக்கு என்று பேச்சு வழக்கில் தலைப்பிட்ட நூல் இருந்தால் அந்தப் பட்டியலிலும் அது வந்து நிற்கும்; அதனால் கணினியிடம் முழுவதையும் ஒப்படைக்க முடியாது.

ரோமன் எழுத்தில் இருக்கும் பதிவுகளுக்கு, தமிழ்த் தலைப்பை நூற்பதிவின் 246ஆம் புலத்தில் மாற்றுத் தலைப்பாகச் சேர்த்தால் போதும்; பழைய பதிவை அழிக்க வேண்டியதில்லை. முழுப் பட்டியலையும் திருத்தி முடித்த பிறகுதான் வகுப்பு என்று காத்திருக்கவும் வேண்டாம். அந்த வகுப்பின் அசைன்மென்ட் தலைப்புகளுக்கு வேண்டிய நூல்களை மட்டும் திருத்திவிட்டுப் போனால், ஒவ்வொரு வகுப்புக்கும் நாற்பது ஐம்பது பதிவுகள் சீராகும். எங்கள் தமிழ்ப் பிரிவில் பெரும்பகுதி இப்படித்தான் ஒழுங்காயிற்று.

வகுப்பில் இந்தக் குழப்பத்தை மாணவர்களிடம் மறைக்கவும் தேவையில்லை. அந்த பேக்ஸ்பேஸ் சோதனையை இப்போது நான் திரையிலேயே செய்து காட்டுகிறேன். நூல் இல்லை என்று திரை சொன்னால் எழுத்தை மாற்றி இன்னொரு முறை தேடிப் பார்க்கும் பழக்கம், நான் காட்டும் வேறெதையும்விட அவர்களிடம் நன்றாக ஒட்டிக்கொள்கிறது.

படி 4: சோத்கங்காவில் ஓர் ஆய்வேட்டைத் திறந்து காட்டுங்கள்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்கும் கடவுச்சொல்லும் தேவையில்லை. தமிழிலேயே எழுதப்பட்ட ஆய்வேடுகளும் ஏராளம். ஆனால் ஆய்வேடு ஒரே கோப்பாக வராது என்பதைச் சொல்லிவிடுங்கள். தலைப்புப் பக்கம் ஒரு கோப்பு, சான்றிதழ் ஒரு கோப்பு, பிறகு இயல் வாரியாகத் தனித்தனிக் கோப்புகள் என்று வரிசையாக இருக்கும். முதல் கோப்பைத் திறந்து ஒரே பக்கம்தான் இருக்கிறது என்று மூடிவிட்டுப் போனவர்கள் என் வகுப்பிலேயே பலர். முதலாண்டு மாணவர் கடைசிக் கோப்புகளில் இருக்கும் துணைநூற்பட்டியலைத் திறந்தால் போதும். அதில் காணும் நூல்களில் எவை நம் அலமாரியில் இருக்கின்றன என்று ஓபேக்கில் தேடச் சொல்லுங்கள். படி 3இல் கற்றதற்கு உடனே வேலை கிடைத்துவிடும்.

பழைய நூல்கள் வேண்டுவோருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் காட்டலாம். மேற்கோள் மேலாண்மைக்கு ஸோட்டெரோவையே பரிந்துரைப்பேன். இலவசம், இணையம் இல்லாமலும் இயங்கும். ஆயினும் அது முதுகலை மாணவர்களுக்கு. முதலாண்டு மாணவருக்கு ஐந்து நூல்களின் விவரத்தைக் கையால் எழுதத் தெரிந்தால் போதுமானது. தேசிய மின்னிலக்க நூலகத்தின் மன்றம் வழியாக நிகழ்ச்சி நடத்திச் சான்றிதழ் வழங்கும் வசதியும் இருக்கிறது. சான்றிதழ் என்று அறிவித்தால் கூட்டம் இரட்டிப்பாகும். மறுவாரம் நூலகத்துக்கு வருவோர் எண்ணிக்கை அப்படி இரட்டிப்பானதை நான் கண்டதில்லை.

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் நாக் குழுவுக்காக இருப்பிட விவரத்தோடு கூடிய புகைப்படம் கேட்பார்கள். அதை மாணவர்கள் உள்ளே வந்து அமரும்போதே எடுத்துவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தைப் புகைப்படத்துக்கும் பொன்னாடைக்கும் கொடுத்தால், கேள்வி கேட்க நினைத்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

படி 5: மறுநாள் முதல் ஒரு மேசை

வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் மறுநாள் தனியாக வருவார்கள். அவர்களுக்காக மதியம் 12.30 முதல் 1.30 வரை வாசலுக்கு அருகில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் அதில் இருக்கும். யார் என்ன கேட்டார், என்ன கொடுத்தோம் என்று ஒரு வரி எழுதுவோம். மாணவர் பெயரை எழுதுவதில்லை, துறையும் ஆண்டும் போதும். மேசையில் பெரும்பாலும் உட்காருபவர் எங்கள் நூலக உதவியாளர். என்னிடம் "சார்" என்று தொடங்கித் தயங்குகிற மாணவர்கள் அவரிடம் "அண்ணா, இந்த அசைன்மென்ட்டுக்கு எங்கண்ணா ஆரம்பிக்கிறது?" என்று நேராகக் கேட்டுவிடுகிறார்கள். ஆகவே பயிற்சி வகுப்பில் அவரையும் மாணவர்களுக்கு முன்னால் நிற்க வைத்து, ஒரு தேடலையாவது அவரே செய்து காட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பில் எதைக் காட்டலாம் என்பதற்கு அந்த நோட்டைப் புரட்டினால் போதும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த நூலகர் ஒருவர், ஔகாரத்தைத் திருத்திய பிறகும் ஸ்ரீ என்று தொடங்கும் தலைப்புகள் சில கணினிகளில் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். என் பட்டியலிலும் தேடிப் பார்த்தேன், அதே கதைதான். 2005இல் ஒருங்குறியில் (யூனிகோடில்) ஶ என்ற எழுத்து தனியாகச் சேர்க்கப்பட்ட பிறகு, அதைக் கொண்டும் ஸ என்பதைக் கொண்டும் ஸ்ரீ என்ற எழுத்தை உருவாக்க முடிகிறது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில்தான் தெரியும். எந்த விசைப்பலகை எதை அடிக்கிறது என்று மாணவரிடம் விளக்குவதைவிட, இத்தகைய தலைப்புகளுக்கு இரண்டாவது வடிவத்தை 246ஆம் புலத்தில் நாமே சேர்த்துவிடுவது எளிது. எங்களிடம் இப்படி 73 நூல்கள் இருந்தன. ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் முடிந்துவிட்டது.