முகப்பருவுக்கு டீ ட்ரீ ஆயில்: மாத்திரையை நிறுத்திய பிறகு நான் செய்தது

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பருவுக்காக மூன்று மாதம் சாப்பிட்டேன். பரு அடங்கியது. நிறுத்தி ஆறே வாரத்தில் தாடையோரம் மறுபடி கிளம்பிவிட்டது. இன்னொரு சுற்று எழுதித் தர தோல் மருத்துவர் சம்மதிக்கவில்லை. ஆன்டிபயாடிக்கை நீட்டிக்கொண்டே போனால் கிருமிகள் அதற்குப் பழகி, பிறகு உண்மையாகவே தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாது என்றார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இந்த வழிக்கு வந்தேன்.

இது கரும்புள்ளி, வெண்புள்ளி, சின்னச் சிவப்புப் பருக்களுக்கு மட்டும். தோலுக்கடியில் கோலிக்குண்டு மாதிரி உருண்டு வலித்தாலோ, பரு போன இடத்தில் குழி விழுந்தாலோ நேரே மருத்துவரிடம் போங்கள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பாதியில் நிறுத்த வேண்டாம்.

முதலில் எண்ணெய். பெயரில் 'டீ' இருந்தாலும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பக்கம் வளரும் ஒரு மரத்தின் இலையிலிருந்து வடிப்பது. லேபிளில் 'மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கரும்பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் வருவதை மட்டும்தான் நான் வாங்குவேன். வெளிச்சமும் காற்றும் பட்டால் இந்த எண்ணெய் கெட்டுவிடும். 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரை வைத்து 5% டீ ட்ரீ ஜெல்லையும், பருவுக்கு வழக்கமாகத் தடவும் மருந்தான பென்சாயில் பெராக்சைடை 5% அளவிலும் ஒப்பிட்டார்கள். இரண்டிலுமே பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவு.

அடுத்து கலவை. நான் சறுக்கியது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். முதல் தடவை எண்ணெயை அப்படியே பஞ்சில் தொட்டுத் தாடையில் வைத்துவிட்டேன். காலையில் அந்த இடம் சிவந்து, இரண்டு நாளில் தோல் உரிந்தது. பரு போய்விட்டது, அது விட்ட கறுப்பு மட்டும் இரண்டு மாதம் நின்றது. நம் மாநிறத் தோலில் எந்தப் புண்ணும் இப்படிக் கறுத்துத்தான் ஆறும். ஆகவே நீர்க்காமல் வைக்கவே கூடாது.

அளவு: எண்ணெய் 1 மி.லி., கற்றாழை ஜெல் 19 மி.லி. (அதாவது 5%). சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஐஸ்கிரீம் குச்சியால் இரண்டு நிமிடம் விடாமல் அடியுங்கள். தெளிவாக இருந்த ஜெல் மங்கி வெளுக்கும். மேலே எண்ணெய்த் துளி மிதந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். அந்தத் துளி முகத்தில் பட்டால் நீர்க்காத எண்ணெய் பட்டதுதான். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் திரும்பக் கலக்குங்கள்.

பிறகு சோதனை. முழங்கைக்கு உள்பக்கம் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் இது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதோடு விட்டுவிடுங்கள்.

முகத்துக்கு இரவு ஒரு வேளை போதும். மென்மையான ஃபேஸ் வாஷால் கழுவி, ஈரம் ஒற்றி, பரு வரும் இடத்தில் மெல்லிசாகத் தடவுங்கள். கண், உதட்டுப் பக்கம் வேண்டாம். பகலில் சன்ஸ்கிரீன் போட்டால் கறுப்பு சீக்கிரம் மங்கும். எனக்கு நாலாவது வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. எட்டாவது வாரத்தில் புதிதாக வருவது குறைந்திருந்தது.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, டூத் பேஸ்ட் மூன்றும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம் அதைவிட ஆபத்து. முகம் சில நாள் பளிச்சென்று இருக்கும், அப்புறம் அந்தக் கிரீமே பருவைக் கொண்டுவரும்.

சேர்த்தது 1: "20 சொட்டு என்றால் 1 மி.லி. தானே?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பாட்டிலுக்குப் பாட்டில் சொட்டு மாறும். மெடிக்கலில் ஊசியில்லாத 2 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள்.

சேர்த்தது 2: வீட்டுக் கற்றாழையை வெட்டிப் போட்ட ஒருவருக்கு முகம் அரித்திருக்கிறது. தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால்தான் காரணமாக இருக்கும். கடை ஜெல்லே மேல், சீக்கிரம் கெட்டும் போகாது. இன்னொருவர் ஜெல்லுக்குப் பதில் தேங்காய் எண்ணெயில் கலந்திருக்கிறார். அது துவாரத்தை அடைக்கக்கூடியது. நெற்றியில் மட்டும் பரு வருகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைப்பதை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், வேறெதுவும் தேவைப்படாமலே போகலாம்.

சேர்த்தது 3: வீட்டில் குழந்தை இருந்தால் பாட்டில் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், வயிற்றுக்குள் போனால் இது விஷம். பழைய எண்ணெய்தான் ஒவ்வாமையை அதிகம் கிளப்பும். நான் திறந்த தேதியை மூடியிலேயே மார்க்கரால் எழுதிவிடுவேன், ஆறு மாதம் தாண்டினால் முகத்துக்கு எடுப்பதில்லை.