கொரியச் சாப்பாடு: புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

சியோலுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் கண்ணை நம்பி ஆர்டர் செய்கிறார்கள். தட்டில் கறித்துண்டு தெரியாவிட்டால் சைவம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரிய தவறே இதுதான்.

தெருவோரக் கடையில் சிவப்பாகக் கொதிக்கும் தொக்போக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமாக உருட்டிய கொழுக்கட்டை மாதிரி அரிசி மாவுத் துண்டுகள். பார்த்தால் சுத்த சைவம். ஆனால் அந்தக் குழம்புக்கு அடிப்படை பெரும்பாலும் காய்ந்த நெத்திலி கொதித்த தண்ணீர். கூடவே கிடக்கும் தட்டையான பழுப்புத் துண்டு, மீனை அரைத்துச் செய்த ஓமுக். கிம்ச்சி என்ற கோஸ் ஊறுகாயிலும் உப்பில் ஊறிய இறாலோ மீன் சாறோ இருப்பது வழக்கம். "கோகி பே ஜுசேயோ", அதாவது கறி வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கோகி என்றால் அவர்களுக்கு மாடு, பன்றி, கோழி. நெத்திலித் தண்ணீர் அந்தக் கணக்கில் வராது. கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப்புக்குள் இருக்கும் ஹாம் என்ற பன்றிக்கறித் துண்டுகூடச் சில நேரம் தப்பி வந்துவிடும். எனவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே கேளுங்கள். கறாரான சைவம் என்றால் பௌத்த மடங்களின் சமையலைப் பரிமாறும் உணவகங்களைத் தேடுங்கள். அந்த மரபில் பூண்டு, வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். நம் ஊர் மடி சமையல்தான், போங்கள்.

மெனுவில் ஆங்கில எழுத்தில் 'Sundae' (சண்டே) என்று படித்துவிட்டு ஐஸ்கிரீம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அது சுந்தே. பன்றிக் குடலுக்குள் ரத்தமும் கண்ணாடி நூடுல்ஸும் அடைத்து அவித்தது.

அப்புறம் காரம். "நாம சாப்பிடாத காரமா?" என்ற வீறாப்பு புல்டாக் என்ற கொரிய பாக்கெட் நூடுல்ஸ் முன்னால் செல்லாது. 2024 ஜூனில் டென்மார்க் அதன் 3 வகைகளை அதிகக் காரம் என்று கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. அடுத்த மாதமே இரண்டை மீண்டும் அனுமதித்தது. நம் மிளகாய்க் காரத்துக்குத் தயிரும் எண்ணெயும் துணை நிற்கும். இதில் காரத்தோடு இனிப்பும் கலந்து மெதுவாகத்தான் ஏறும். முதல் தடவை சாஸில் பாதியை மட்டும் ஊற்றுங்கள்.

உட்கார்ந்ததும் சின்னக் கிண்ணங்களில் வரும் தொடுகறிகள்தான் பஞ்சான். அதற்குத் தனிக் காசு இல்லை, தீர்ந்தால் கேட்கலாம். பில்லை நினைத்துப் பயந்து தொடாமல் எழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பூனைக் காணோமா? மேசையின் பக்கவாட்டில் இழுப்பறை இருக்கிறதா பாருங்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்காமல் மேசையில் வைத்தே ஸ்பூனால் சாப்பிடுவார்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள். அது இறந்தவர்களுக்குப் படைப்பதை நினைவூட்டும். தனியாகப் போய்ப் பன்றிக்கறி சுடும் கடையில் அமர்ந்தால், இரண்டு ஆள் அளவுக்குக் குறைந்து தர மாட்டோம் என்பார்கள். பெரும்பாலும் அது உங்களை அவமதிப்பதற்காக அல்ல, கடை வழக்கம்.

முக்கோணக் கிம்பாப் உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் பிரித்தால்தான் கடற்பாசித் தாள் மொறுமொறுவென்று சோற்றோடு ஒட்டும். அவசரத்தில் கிழித்தால் தாள் பிளாஸ்டிக்கோடு போய்விடும், கையில் வெறும் சோற்று உருண்டை.

குளிர்காலத்தில் ஹோத்தோக் என்ற இனிப்பு அடை வாங்கினால் உடனே கடிக்காதீர்கள். உள்ளே உருகிய சர்க்கரைப் பாகு. ஓரத்தைக் கொஞ்சம் பிய்த்து ஆவியை விடுங்கள்.