செடி வளர்க்கும் மீன் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு எல்லா மூலைக்கும் போய்ச் சேர நீரோட்டத்தைச் சரிசெய்வது எப்படி?

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், வாயுவை நுண்குமிழிகளாக்கும் டிஃப்யூசர் எல்லாம் மாட்டியாயிற்று. வாயு அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கரும் பச்சை காட்டுகிறது. ஆனாலும் தொட்டியின் ஒரு பக்கத்தில்தான் செடி செழிக்கிறது. மறுபக்கத்தில் புதுத் தளிர் சிறுத்து, இலை ஓரங்களில் கறுப்புப் பாசி முடி முடியாக ஒட்டுகிறது. இந்த இடத்தில் பலரும் வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வைத் திறந்து குமிழிகளைக் கூட்டிவிடுவார்கள். அப்போது செடிக்கு முன்பு மீன்தான் பாதிக்கப்படும். வாயுவைத் தொடுவதற்கு முன் நீரோட்டத்தைப் பாருங்கள்.

காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. தவிர, ஒவ்வொரு இலையின் மேலும் அசையாத தண்ணீர் மெல்லிய படலமாக ஒட்டி நிற்கும். அந்தப் படலத்தில் உள்ள வாயுவை இலை உறிஞ்சிய பிறகு, வெளியிலிருந்து அடுத்தது வந்து சேர நேரமாகும். தண்ணீர் ஓடினால் படலம் மெலியும், வாயுவும் சீக்கிரம் இலைக்குள் போகும். இலைகள் லேசாக அசைந்துகொண்டிருந்தால் ஓட்டம் அங்கே வருகிறது என்று பொருள்.

கீழே வரும் கணக்குகளுக்கு 60×30×36 செ.மீ. தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 65 லிட்டர். மண், கல், மேலே விட்ட இடைவெளி போக 55 லிட்டர் தண்ணீர் இருக்கும்.

1. ஃபில்டரின் உண்மையான ஓட்டத்தை அளந்து பாருங்கள்

பெட்டியில் அச்சிட்ட எண் பெரும்பாலும் காலி ஃபில்டரில் எடுத்தது. உள்ளே ஸ்பாஞ்சும் பயோ மீடியாவும் அடைத்து, ஹோஸும் மாட்டிய பிறகு அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். அளப்பது சுலபம். வெளியேற்றும் குழாயைத் தொட்டியின் நீர்மட்ட உயரத்திலேயே பிடித்து, 1 லிட்டர் கோப்பை நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 3600-ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். 10 வினாடி ஆனால் 360 லிட்டர். குழாயைத் தொட்டிக்குக் கீழே இறக்கிப் பிடித்தால் சைஃபன் இழுப்பும் சேர்ந்து அளவு கூடுதலாகக் காட்டும், கவனம்.

தண்ணீரின் அளவைப் போல மணிக்கு 5 மடங்காவது உண்மையில் ஓட வேண்டும். 55 லிட்டருக்கு அது 275. அதனால்தான் வாங்கும்போது பெட்டியில் 10 மடங்கு போட்டிருக்கும் ஃபில்டரைப் பார்க்கச் சொல்கிறோம். அளவு குறைந்தால் உடனே புது மோட்டார் தேட வேண்டாம். உறிஞ்சும் முனையில் மாட்டிய ஸ்பாஞ்ச், ஹோஸுக்குள் படிந்த வழுவழுப்பு, இம்பெல்லரில் (மோட்டாரின் சுழல் விசிறியில்) சுற்றிய செடித் துணுக்கு, இறுகிப்போன பஞ்சு ஆகியவற்றைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

2. ஒரே ஒரு பெரிய சுழற்சி

இதுதான் முக்கியமான படி. தொட்டி முழுக்கத் தண்ணீர் ஒரே திசையில் வட்டமடிக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு பம்ப் வைத்தால் ஓட்டங்கள் நடுவில் மோதி வலுவிழக்கும், அங்கேதான் குப்பையும் சேரும்.

60 செ.மீ. தொட்டிக்கு லில்லி பைப் (வாய் விரிந்த கண்ணாடிக் குழாய்) போன்ற, தண்ணீரை வெளியேற்றும் ஒற்றை வாய் போதும். உறிஞ்சுவதும் வெளியேற்றுவதும் ஒரே பக்கவாட்டுக் கண்ணாடியில் இருக்கட்டும். வெளியேறும் தண்ணீர் மேல்பகுதியில் நீளவாக்கில் ஓடி, எதிர்க் கண்ணாடியில் மோதிக் கீழே இறங்கி, அடித்தளத்தின் மேலாகச் செடிகளுக்கிடையே திரும்பி வரும். உறிஞ்சும் குழாயை எதிர்ப்பக்கம் மாட்டினால் தண்ணீரில் ஒரு பகுதி இந்தச் சுற்றை முடிக்காமலே ஃபில்டருக்குள் போய்விடும்.

தொட்டி 90 செ.மீ.க்கு மேல் நீளமென்றால், பின் கண்ணாடியில் நீளவாக்கில் மாட்டும் ஸ்ப்ரே பார்தான் (வரிசையாகத் துளை போட்ட குழாய்) எங்கள் தேர்வு. பீச்சல் முன் கண்ணாடியில் பட்டு இறங்கி, தரையை ஒட்டிப் பின்னால் திரும்பும். சொந்தமாகத் துளை போடுபவர்கள் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எல்லாத் துளைகளின் பரப்பும் சேர்ந்து குழாய் வாயின் பரப்பைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். உள்விட்டம் 12 மி.மீ. குழாயின் பரப்பு 113 சதுர மி.மீ.; 3 மி.மீ. துளை ஒன்றின் பரப்பு 7. ஆக 12 துளை போட்டால் 84 ஆகும், பீச்சல் நன்றாக இருக்கும். 30 துளை போட்டால் தண்ணீர் வழியுமே தவிர பாயாது.

வாய் நீர்மட்டத்துக்கு 2–3 செ.மீ. கீழே இருக்கட்டும். மேற்பரப்பு நெளிய வேண்டும், உடைந்து சலசலக்கக் கூடாது. சலசலத்தால் வாயு வீணாகப் பறக்கும். அதற்காக நெளிவையே நிறுத்தினாலோ எண்ணெய்ப் படலம் மூடி, இரவில் மீன்களுக்கு ஆக்சிஜன் குறையும்.

3. வழியை மறிப்பவை

கல்லையும் மரக்கட்டையையும் பின் கண்ணாடியிலிருந்து 3–4 செ.மீ. தள்ளி வையுங்கள். தண்டுச் செடிகளை ஒரே கொத்தாக நடாமல் தண்டுக்குத் தண்டு இடம் விட்டு நடுங்கள். அடர்ந்த புதரின் அடி இலைகள் உதிர்கின்றன என்றால் நிழலோடு நீரோட்டமின்மையும் காரணமாக இருக்கலாம்.

4. டிஃப்யூசர் எங்கே?

ஒற்றை வாய் அமைப்பில், தண்ணீர் கீழே இறங்கும் எதிர்ப்பக்கச் சுவரோரம், தரையிலிருந்து சில செ.மீ. உயரத்தில் வையுங்கள். இறங்கும் ஓட்டம் நுண்குமிழிகளை மேலே போக விடாமல் கீழே அழுத்திச் செடிகளுக்குள் கொண்டு செல்லும். குமிழிகள் நேர்கோடாக மேலேறி வெடிக்கின்றன என்றால் இடம் தவறு.

ஸ்ப்ரே பார் இருந்தால் ஹோஸின் நடுவே மாட்டும் இன்லைன் டிஃப்யூசர் வசதி. ஃபில்டரிலிருந்து தண்ணீர் வெளியேறும் ஹோஸில் அதை மாட்டுங்கள். உறிஞ்சும் பக்கம் மாட்டினால் வாயு ஃபில்டருக்குள் சேர்ந்து, சத்தம் வந்து, ஓட்டமும் குறையும். இன்லைன் வகை பலவற்றுக்கு 2 பார் அளவு அழுத்தம் தேவைப்படும் என்பதால் ரெகுலேட்டர் அதைத் தருமா என்று முதலிலேயே பாருங்கள். எந்த வகையானாலும் வாயுக் குழாயில் செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) கட்டாயம். அது இல்லாவிட்டால் வாயு நின்ற நேரத்தில் தண்ணீர் பின்னோக்கி ஏறி சொலினாய்டைக் (வாயுவைத் திறந்து மூடும் மின் வால்வை) கெடுத்துவிடும்.

டிஃப்யூசரின் செராமிக் தட்டில் பாசி அடைத்தால் குமிழி பெரிதாகும். 1 பங்கு பிளீச், 10 பங்கு தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் மறுபடி ஊறவைத்து மாட்டுங்கள். பிளீச்சோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

5. நூல் சோதனை

மெல்லிய குச்சியின் நுனியில் 5 செ.மீ. பருத்தித் தையல் நூலைக் கட்டி நனைத்துக்கொள்ளுங்கள். நான்கு கீழ் மூலைகள், கல்லின் பின்புறம், புதரின் நடு என ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். நூல் சாய்ந்து ஆடினால் அங்கே ஓட்டம் இருக்கிறது. நேராகத் தொங்கினால் அது தேங்கிய இடம். வாயின் கோணத்தை ஒரு விரல் அளவு திருப்பி, மறுபடி சோதியுங்கள்.

சிறு தொட்டிக்குப் பெரிய பம்ப் வைத்தால் எதிர்ச் சிக்கல் வரும்: இலைகள் ஒரே பக்கம் மடங்கிக் கிடக்கும், மண்ணில் குழி விழும், மீன்கள் கல்லுக்குப் பின்னால் ஒளியும். அகலமான வாய் மாட்டினால் ஓட்டத்தின் அளவு குறையாமல் வேகம் தணியும்.

6. டிராப் செக்கரை இடம் மாற்றுங்கள்

டிஃப்யூசருக்குப் பக்கத்தில் ஒட்டிய டிராப் செக்கர் நல்ல செய்தி மட்டுமே சொல்லும். நுண்குமிழி அதன் வாய்க்குள் நுழைந்தால் அளவைக் கூட்டியும் காட்டும். உள்ளே தொட்டித் தண்ணீரை ஊற்றாதீர்கள். கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 4 கரைசல்தான் வேண்டும். அந்தக் கரைசலில் சுமார் 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மி.கி.) வாயு இருந்தால் பிஎச் 6.6 ஆகிப் பச்சை நிறம் வரும். நீலம் என்றால் குறைவு, மஞ்சள் என்றால் அதிகம்.

முதல் நாள் டிஃப்யூசருக்குத் தொலைவில் தாழ்வாக ஒட்டுங்கள், மறுநாள் அருகில். நிறம் மாற 1–2 மணி நேரம் பிடிக்கும் என்பதால் விளக்கு எரிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அருகில் பச்சையும் தொலைவில் நீலமும் காட்டினால் நீரோட்டக் குறை. 2-ஆம் படிக்குத் திரும்புங்கள். இரண்டு இடத்திலும் நீலம் என்றால் மட்டும் வாயுவைக் கூட்டலாம்.

7. வாயுவைக் கூட்டுவது

விளக்குக்கு 1–2 மணி நேரம் முன்பே வாயு தொடங்கி, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிற்கும்படி டைமரை வையுங்கள். நீடில் வால்வை ஒரு முறைக்குச் சிறிதளவே திருப்பி, ஒரு முழு நாள் கவனித்த பிறகுதான் அடுத்த மாற்றம்.

தொடக்கக்காரர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. நீரோட்டம் சீரானதும் அதே குமிழி எண்ணிக்கையில் அதிக வாயு கரையக்கூடும், மீன்கள் ஒதுங்கியிருந்த மூலைக்கும் அது போகும். ஆகவே குழாயையோ டிஃப்யூசரையோ மாற்றும் நாளில் வாயுவைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, வீட்டில் இருக்கும்போதே செய்யுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அல்லது வேகமாகச் செவுள் அடித்தால், உடனே வாயுவை நிறுத்துங்கள். ஏர் ஸ்டோனைப் போட்டு மேற்பரப்பைக் கலக்குங்கள். தெளியவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

செடி வளர வளர ஓட்டத்தின் பாதை மாறிக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை 1 லிட்டர் கோப்பையால் அளந்து குறித்து வையுங்கள். முதலில் 10 வினாடியில் நிரம்பியது 14 வினாடி ஆகிவிட்டால் ஃபில்டரைத் திறக்கும் நாள் வந்துவிட்டது.