கான்கிரீட்டுக்கு வாட்டர் ரிப்பெல்லன்ட் அடிக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிராதீங்க

ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம்னு நிமிந்து பாக்கும்போதுதான் நம்ம பக்கத்துல எல்லாருக்கும் செவரு கண்ணுல படுது. சன்ஷேடு அடியில கறுப்பா பாசி, கைப்பிடிச் சுவர்ல ஓதம், அங்கங்க உப்பு பூத்துக் கெடக்கும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மழைக்கப்புறம் திருநெல்வேலி தூத்துக்குடி ரெண்டு ஜில்லாலயும் இந்தக் கவலை கூடிப்போச்சு. கடையில போய்க் கேட்டா வாட்டர் ரிப்பெல்லன்ட், அதாவது தண்ணிய உறிஞ்ச விடாம பண்ற மருந்து, அதுல ஒரு கேனை எடுத்து வச்சு 'இத அடிங்க அண்ணாச்சி, ஒரு சொட்டு இறங்காது'ன்னு சொல்லிருதாங்க. மருந்து நல்ல மருந்துதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அடிக்கிற இடம் தப்பு, நேரம் தப்பு, அதனாலதான் காசு வீணாப் போகுது.

மொதல்ல இது என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிடணும். கான்கிரீட் பாக்கத்தான் கல்லு மாதிரி, உள்ள கண்ணுக்குத் தெரியாத துளை நெறைய இருக்கு, விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது தண்ணியத் தானா உள்ள இழுக்கும். சிலேன், சிலாக்ஸேன்னு விக்கிற மருந்து உள்ள இறங்கி அந்தத் துளையோட உள்சுவத்துல ஒட்டிக்கிடும், அப்புறம் தண்ணி உள்ள இழுபடாது. துளை அடைபடுறது இல்ல, அதனால உள்ள இருக்க ஈரம் ஆவியா வெளிய போயிரும். மேல பிளாஸ்டிக் தோல் மாதிரி ஒட்டுற கோட்டிங்குக்கும் இதுக்கும் அதுதான் பெரிய வித்தியாசம்.

இதுலேந்தே மொதத் தப்பு என்னன்னு புரியும். தானா உறிஞ்சுற தண்ணியத்தான் இது நிறுத்தும், தேங்கி நின்னு கனத்துல அழுத்துற தண்ணிய நிறுத்தவே நிறுத்தாது. மொட்டமாடியில வாட்டம் சரியில்லாம தண்ணி கெட்டி நிக்குது, ஹால் சீலிங்ல சொட்டுதுன்னு இத வாங்கி ஊத்துறவங்க நெறையப் பேரு. அங்க வாட்டத்தச் சரி பண்ணி, விரிசல அடைச்சு, முறையா வாட்டர்ப்ரூஃபிங் போட்டு மேல தட்டோடு பதிக்கிறதுதான் வேலை. தண்ணித் தொட்டி, சம்ப்பு உள்பக்கம் எல்லாம் அதே கதைதான். விரிசலையும் இது அடைக்காது, நகம் நுழையிற விரிசல் இருந்தா தண்ணி அது வழியா நேரா உள்ள போகும். இதுக்கு ஏத்த இடம்னா மழை அடிச்சு வழிஞ்சு ஓடுற வெளிச்செவரு, சன்ஷேடு, தூணு, பால்கனி முகப்பு, பெயிண்ட் அடிக்காம விட்ட கான்கிரீட், இதுங்கதான்.

அடுத்தது கடக்கரைக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம், உவரி, இடிந்தகரை, கூடங்குளம், பெருமணல் அந்தப் பக்கம். உப்புக்காத்துல இருக்க குளோரைடு ஈரத்தோட சேந்து உள்ள போய்க் கம்பியத் தொட்டா துரு பிடிக்க ஆரம்பிச்சிரும், துரு இரும்பை விட ரெண்டுலேந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் எடுக்கும், அதான் உள்ளேந்து நெம்பிக் காரையத் தள்ளிருது. இதத் தடுக்க நல்ல வழிகள்ல ஒண்ணு இந்த மருந்து, ஆனா துரு பிடிக்கிறதுக்கு முன்னாடி அடிக்கணும். கம்பி ஓடுற நேர்கோட்டுல விரிசல் விட்டு, சிவப்பா கறை வழிஞ்சு, தட்டினா பொக்கையா சத்தம் கேக்குற சன்ஷேடுல போய் அடிக்கிறது பிரயோஜனமே இல்ல. உப்பு ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்கு. அங்க காரைய உடைச்சு, கம்பியச் சுத்தி முழுசா தேய்ச்சு, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலவை வச்சு மூடி, அது நல்லா செட்டான பிறகுதான் இதப் பத்தி யோசிக்கணும். புது வீடு கட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை, இது கவர் பிளாக்குக்கு, அதாவது கம்பிக்கு வெளிய கான்கிரீட் கனம் நிக்கணும்னு வைக்கிற கட்டைக்கு, பதில் கெடையாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, கடக்கரைக் காத்துப் படுற கான்கிரீட்டுக்குக் கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் கவர் கேக்குது, கான்கிரீட் பலம் எம் 30 கிரேடு கேக்குது. அத விட்டுட்டு மேல மருந்து அடிச்சுச் சமாளிக்க முடியாது.

கழுவுறதுலயும் ஒரு பெரிய தப்பு நடக்கு. பாசி போகணும்னு பாத்ரூமுக்கு ஊத்துற ஆசிட்ட ஊத்தித் தேய்க்காங்க. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், கம்பிய அரிக்கிற அதே குளோரைட நம்ம கையாலயே கொண்டு போய் ஊத்துறதுக்குச் சமம், சிமெண்ட்டையும் அரிச்சிரும். கம்பி பிரஷ்ஷும் பிரஷர் வாஷும் போதும். அதுக்கும் உப்புத் தண்ணி போர் வேண்டாம், ராதாபுரம் பக்கமெல்லாம் போர்த்தண்ணி வாயில வைக்க முடியாத ஊர் உண்டு, அங்க லாரித் தண்ணி வாங்கியாவது கடைசியா ஒரு தடவ அலசிருங்க.

கழுவுன மறுநாளே அடிக்கிறதும் தப்பு. துளைக்குள்ள தண்ணி நெறஞ்சிருந்தா மருந்து எங்க போகும்? நல்லா வெயில் அடிச்சு ரெண்டு மூணு நாளாவது காயணும். புதுக் கான்கிரீட்டா இருந்தா 28 நாள் ஆகட்டும், தண்ணி விட்டு நனைக்கிறதக் குறைச்சுட்டு அவசரப்படாதீங்க. நம்ம ஊருக்கு மாசி பங்குனி தோதான காலம். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம்னா ஆனி ஆடியில சாரல் விடாது, செவரு காயவே காயாது. பணகுடி, வள்ளியூர் பக்கம் அதே மாசத்துல காத்தாடி சுத்துற காத்து, ஸ்பிரேயரத் தெறந்தா பாதி மருந்து பக்கத்து வீட்டுக் காருக்குத்தான் போகும். உச்சி வெயில்லயும் வேண்டாம், கொதிக்கிற செவத்துல உள்ள இறங்குறதுக்கு முன்னாடியே ஆவியாப் போயிரும். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள அடிச்சிரணும், அன்னைக்கு மழை வரக்கூடாது.

பெயிண்ட் மாதிரி இழுத்து இழுத்துத் தேய்க்கிறது இன்னொண்ணு. ஒரு கேன்ல ஊரையே அடிச்சேன்னு பெருமையாச் சொல்லுவாங்க, ஆனா இது செவரு குடிக்கிற அளவுக்குக் குடுக்க வேண்டிய மருந்து, கீழேந்து மேல நெறைய நனைய அடிக்கணும். ரெண்டாவது கோட்டு வேணும்னா பெரும்பாலான சரக்குல மொதக் கோட்டு ஈரமா இருக்கும்போதே அடிக்கணும். மறுநாள் அடிச்சா மொதக் கோட்டே அதத் தள்ளி விட்டுரும். தண்ணி கலந்து பெருக்குறதும் கூடாது, கம்பெனிக்காரன் கலக்கச் சொல்லிருந்தா மட்டும் கலங்க. ஜன்னல் கண்ணாடிய மூடிருங்க, அதுல பட்டுக் காஞ்சா கறை போகாது. அடிக்கிறவருக்குக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். தின்னர் மாதிரி தீப்பிடிக்கிற சால்வென்ட் கலந்த சரக்கா இருந்தா பக்கத்துல யாரும் பீடி பத்த வைக்கக் கூடாது.

அப்புறம், தண்ணி முத்து முத்தா உருளுதான்னு பாத்துதான் எல்லாரும் திருப்திப்படுதாங்க. ஒரு ரெண்டு வருச வெயில்ல மேல்பக்கத்து முத்து நின்னுரும், உள்ள இறங்குன மருந்து அப்பவும் வேலை செய்யும். செவத்துல தண்ணி தெளிச்சு அஞ்சு நிமிசம் கழிச்சுப் பாருங்க, கறுத்துப் போய் ஈரமா நின்னா உறிஞ்சுதுன்னு அர்த்தம், நிறம் மாறலேன்னா இன்னும் தாங்குது.

அடிச்ச செவத்துல அடுத்த பொங்கலுக்கு சுண்ணாம்போ சிமெண்ட் பெயிண்ட்டோ அடிக்கலாம்னு இருந்தா அது பிடிக்காது, கையோட வந்துரும், டைல்ஸ் பூச்சும் ஒட்டாது. கலர் வேணும்னா மேல பெயிண்ட் ஏறும்னு தெளிவா எழுதியிருக்க சரக்க வாங்கி, பின்பக்கம் ஒரு மூலையில அடிச்சு, அதே பெயிண்ட்டப் பூசி ஒரு வாரம் விட்டுச் சுரண்டிப் பாத்துட்டு அப்புறம் முழுச் செவத்துக்கும் போங்க. கேன்ல ஒட்டியிருக்க பேரையும் அடிச்ச தேதியையும் எழுதி வச்சு, பின்னால வர்ற பெயிண்டர்கிட்ட காட்டிருங்க.