வண்டிக்கு ஸ்கோப் வாங்கும்போது மெகாஹெர்ட்ஸைவிட மெமரியைப் பாருங்கள்

வண்டி வேலைக்கு ஆஸிலோஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) வாங்குவதென்றால் 100 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்துக்கு (எவ்வளவு வேகமான சிக்னல் வரை காட்டும் என்ற அளவு) கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 20 மெகாஹெர்ட்ஸ், 4 சேனல் போதும். மிச்சமாகும் பணத்தை மெமரியில் போடுங்கள். சேனலுக்குக் குறைந்தது 10 லட்சம் சாம்பிளாவது (சிக்னலை ஒவ்வொரு முறை அளந்து பதியும் புள்ளி) வேண்டும்.

இன்ஜினின் கிராங்க், கேம் சென்சார்கள், இன்ஜெக்டர் ஆகியவற்றின் சிக்னல்கள் எல்லாம் சில கிலோஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் 500 கேபிபிஎஸ் கேன் பஸ்ஸுக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் தாராளம். ஆனால் எப்போதாவது விட்டுவிட்டு வரும் மிஸ்ஃபயரை (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) பிடிக்க ஒரே திரையில் 2 விநாடி பதிவாக வேண்டும். மெமரி 10,000 சாம்பிள்தான் என்றால் பதியும் வேகம் விநாடிக்கு 5,000 சாம்பிளாக இறங்கிவிடும். 60 பல் இடத்தில் 2 பல் விடுபட்ட (60-2) கிராங்க் வீலில் ஆர்பிஎம் எவ்வளவோ, சிக்னலும் ஏறத்தாழ அத்தனை ஹெர்ட்ஸ் (கணக்குப் போட வசதி). 3000 ஆர்பிஎம்மில் ஒரு பல்லுக்கு இரண்டு சாம்பிள்கூட விழாது. திரையில் தெரிவது வெறும் கோணல் அலை; அதைக் கோளாறு என்று நினைத்து நல்ல சென்சாரைக் கழற்றி மாற்றிவிடுவீர்கள். பெட்டியில் அச்சிட்ட '1 ஜிகா சாம்பிள்' மிகக் குறுகிய நேர அளவில் மட்டுமே கிடைக்கும் வேகம்.

ஃப்ளெக்ஸ்ரே, ஆட்டோமோட்டிவ் ஈதர்நெட் போன்ற கேனைவிட வேகமான வண்டி நெட்வொர்க் சிக்னல்களைப் பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே பேண்ட்விட்த் வேண்டும்தான். எந்த ஸ்கோப் வாங்கினாலும் இக்னிஷன் காயில் பிரைமரியில் 20:1 அட்டெனுவேட்டர் (வோல்டேஜை இருபதில் ஒரு பங்காகக் குறைப்பது) இல்லாமல் ப்ரோபை வைக்காதீர்கள். அங்கே 300-400 வோல்ட் துள்ளும்.