இணையதளத்துக்கு ஆள் சேர்க்கப் போய் வந்த ஆளையும் இழக்கும் தவறுகள்

சிறு தொழில் நடத்துவோருக்கும் வலைப்பூ எழுதுவோருக்கும் இணையதளம் அமைத்துக் கொடுப்பதும், அதற்கு ஆள் வரும்படி பார்த்துக்கொள்வதும் என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை அதே நம்பிக்கையோடு திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன். பக்கம் மெதுவாகத் திறக்கக் கூடாது, கைபேசியில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும், பிறர் எழுதியதை நகலெடுக்கக் கூடாது என்பவற்றையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிந்தும் செய்யாதவர்களுக்கு இன்னொரு கட்டுரை உதவாது.

பழைய முகவரிகளை அழித்துவிடுவது

கூடுதலாக ஆள் வர வேண்டும் என்று செய்யப்படும் வேலைகளிலேயே அதிக ஆளை இழக்கவைப்பது இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலைதான். தளத்தின் தோற்றம் பழசாகிவிட்டதாக உரிமையாளருக்குத் தோன்றுகிறது. ஒரு டெவலப்பரைப் பிடிக்கிறார். அவர் புதிய தீம் ஒன்றைப் போட்டு, பக்கங்களுக்குப் புதிய முகவரிகள் கொடுத்து, பழைய தளத்தை அடியோடு எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றிவிடுகிறார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் பல ஆண்டுகளாகச் சேர்த்த மதிப்பு, பிற தளங்கள் அதற்குக் கொடுத்த இணைப்புகள், வாடிக்கையாளர் தம் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுட்டி ஆகிய எல்லாம் அந்தப் பக்கத்தின் யூஆர்எல், அதாவது இணைய முகவரி மீதுதான் நிற்கின்றன. முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும், கடைசியில் இருந்த பிஎச்பி என்ற வால் போனாலும், தேடுபொறிக்கு அது வேறு பக்கம். பழைய முகவரியைத் தட்டியவருக்கு, பக்கம் இல்லை என்று சொல்லும் 404 என்ற எண் கிடைக்கிறது. மீண்டும் மீண்டும் அதே பதில் வந்தால் கூகுளும் அந்தப் பக்கத்தைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது.

கோவையில் வெட் கிரைண்டரும் அதன் உதிரிபாகங்களும் விற்கும் ஒரு நிறுவனத்தில் இது நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். அவர்களுடைய பழைய தளத்தில் "மோட்டார் ஓடுகிறது, டிரம் சுற்றவில்லை" என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருந்தது. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எந்த மாடலுக்கு எந்த அளவு பெல்ட் பொருந்தும் என்று கடை மேலாளர் எழுதிக் கொடுத்த பட்டியலும், விரிசல் விட்ட ஒரு பெல்ட்டைக் கடை மேசையின் மேல் வைத்துக் கைபேசியில் எடுத்த மங்கலான படமும் அதில் இருந்தன. அந்தத் தளத்துக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினரைக் கூட்டி வந்தது அந்தப் பக்கம்தான். பெல்ட் தேடி வந்தவர்களில் சிலர், பழைய கிரைண்டருக்குச் செலவு செய்வதைவிடப் புதிது வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து அங்கேயே வாங்கியும் இருக்கிறார்கள்.

புதிய தளத்தைச் செய்து கொடுத்தவர்கள் பேசிய கணக்கு, நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான "பத்துப் பக்கம், ஓர் ஆண்டு ஹோஸ்டிங் இலவசம்" என்ற பேக்கேஜ். நிறுவனத்தின் வரலாறு, தொலைநோக்கு, பணிநோக்கம், உரிமையாளரின் செய்தி என்று பத்துப் பக்கமும் நிரம்பிவிட்டதால் பெல்ட்டுக்கு இடமில்லாமல் போனது. நல்ல நாள் என்று விஜயதசமியன்று தளத்தை ஏற்றினார்கள். தீபாவளி போனஸ் கைக்கு வந்து, வீட்டுக்கு மிக்சியும் கிரைண்டரும் வாங்கும் பருவம் தொடங்க இருந்த நேரம் அது. உரிமையாளர் என்னை அழைத்தபோது தீபாவளி முடிந்திருந்தது. "ஏனுங்க, சைட் இத்தனை லட்சணமா இருக்குது, ஆனா போனே வர்றதில்லீங்களே?" என்று கேட்டார். கூகுள் தேடலிலிருந்து தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோல் என்ற கூகுள் கருவியைத் திறந்தால், கிளிக்குகளைக் காட்டும் கோடு விஜயதசமி வாரத்தில் சரியத் தொடங்கித் தரையோடு கிடந்தது.

டெவலப்பரிடம் கேட்டதற்கு, "பழைய யூஆர்எல் எதுவும் க்ளீனா இல்லைங்க சார், அதான் மாத்திட்டேன்" என்றார். இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. முகவரியின் அழகை எந்த வாடிக்கையாளரும் நின்று ரசிப்பதில்லை. கடையை இடம் மாற்றுகிறவர் பழைய கடையின் கதவில் "கடை எதிர்த் தெருவுக்கு மாற்றப்பட்டுள்ளது" என்று ஒரு தாளாவது ஒட்டிவிட்டுப் போகிறார். இணையதளத்தில் அந்தத் தாளுக்குப் பெயர் 301 ரீடைரக்ட். அதை எழுதுவதற்கு ஒரு பக்கத்துக்கு ஒரு வரி போதும். செய்யாமல் விட்டதற்கு அந்த நிறுவனம் ஒரு தீபாவளி வியாபாரத்தை விலையாகக் கொடுத்தது.

தளத்தைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால், வடிவமைப்பைப் பற்றிப் பேசும் முன்பே பழைய முகவரிகள் அனைத்தையும் திரட்டிவிடுங்கள். தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் காட்டும் சைட்மேப்பில் இருப்பவை மட்டும் போதாது. சர்ச் கன்சோலில் கடந்த 16 மாதங்களின் தரவு கிடைக்கும். அதில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை கிளிக் வந்தது என்ற பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு முறைக்கு 1000 வரிகள்தான் இறங்கும் என்பதால், பெரிய தளமாக இருந்தால் பிரிவு பிரிவாக வடிகட்டி இறக்க வேண்டும். பிறகு எக்செல் தாளில் இரண்டு பத்திகள் போட்டு, இடப்பக்கம் பழைய முகவரியையும் வலப்பக்கம் அதே விஷயத்தைச் சொல்லும் புதிய முகவரியையும் எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகள், புதிய தளத்தில் நீங்கள் தொலைக்கப்போகும் பக்கங்கள். அவற்றில் கிளிக் அதிகமுள்ளவை எவை என்று பார்த்து, பேக்கேஜ் பத்துப் பக்கமோ இருபது பக்கமோ, அவற்றுக்கு இடம் கேட்டு வாங்குங்கள்.

திருப்பிவிடும்போது 301 என்றுதான் சொல்ல வேண்டும். 302 என்பது தற்காலிக மாற்றத்துக்கு உரியது. பழையதிலிருந்து நடுவில் ஒன்று, அதிலிருந்து புதியது என்று சங்கிலியாகக் கட்டாமல் நேரடியாக அனுப்புங்கள். எந்தப் பக்கங்களுக்குள் வரக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் பழைய முகவரிகளைத் தடுத்து வைக்கும் அதிபுத்திசாலிகளும் இருக்கிறார்கள். தடுத்துவிட்டால் திருப்பிவிட்டிருப்பதைக் கூகுள் பார்க்கவே முடியாது. இந்த ஏற்பாட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. முடிந்தவரை எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்வேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் போன சுட்டிக்குக் காலாவதி கிடையாது.

அந்தக் கோவை நிறுவனத்தின் பழைய பக்கங்களை பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலிருந்து தேடி எடுத்து மீண்டும் ஏற்றினோம். பெல்ட் பட்டியல் கிடைத்தது, படம் கிடைக்கவில்லை. அழைப்புகளில் ஒரு பகுதி மெல்லத் திரும்பியது. இடையில் அந்தத் தேடலுக்கு வேறு சிலர் பக்கம் எழுதிவிட்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது

மேலே சொன்னதைக் கேட்டு விழித்துக்கொள்ளும் டெவலப்பர் அடுத்துச் செய்வது இது. அழிந்த பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்கிறார். பெல்ட் அளவு தேடி வந்தவர் குத்துவிளக்குப் படம் போட்ட வரவேற்புரையைப் பார்த்தால் திரும்பிப் போகாமல் என்ன செய்வார்? கூகுளும் இத்தகைய திருப்பங்களைப் பெரும்பாலும் இல்லாத பக்கமாகவே, அதாவது மென்மையான 404 ஆகவே கணக்கில் கொள்கிறது. ஈடான பக்கம் உண்மையிலேயே இல்லையென்றால் 404 என்று நேர்மையாகச் சொல்லிவிடுவதே மேல்.

பழைய டொமைனைக் கைவிடுவது

பெயர் மாற்றியவர்கள் பழைய டொமைனுக்கு, அதாவது தளத்தின் பழைய இணையப் பெயருக்கு, ஆண்டுச் சந்தா கட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். சந்தா நின்ற நாளோடு திருப்பிவிடும் ஏற்பாடும் செத்துப்போகும். அந்தப் பெயருக்கு இருக்கும் நல்லெண்ணத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்காகவே கைவிடப்பட்ட டொமைன்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதைத் தனி மோசடி வகையாகவே கூகுள் 2024 மார்ச்சில் தன் விதிகளில் சேர்த்தது. உங்கள் பழைய விசிட்டிங் கார்டில் உள்ள முகவரியைத் தட்டினால் சூதாட்டத் தளம் திறக்கும் நிலை வேண்டாம் என்றால், சந்தாவைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

தேடுபொறி வேண்டாம் என்ற டிக்

தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில், வாசிப்புப் பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. தளம் தயாராகும்வரை அதில் டிக் போட்டு வைப்பது சரியான வழக்கம்தான். திறப்பு விழாவன்று அதை எடுத்துவிடுங்கள்.

கீவேர்ட் டேக் நிரப்புவது

வாசகர் கண்ணுக்குத் தெரியாமல், பக்கத்துக்கான தேடல் சொற்களை வரிசையாக எழுதி வைக்கும் இடம்தான் கீவேர்ட் டேக். கூகுள் அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது.

பேக்லிங்க் விலைக்கு வாங்குவது

பிற தளங்கள் உங்கள் தளத்துக்குக் கொடுக்கும் இணைப்புதான் பேக்லிங்க். வாங்காதீர்கள்.

யாரும் தேடாத சொற்களில் எழுதுவது

"தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று எந்த மனிதரும் கூகுளில் தட்டியதில்லை. ஆனாலும் பத்தில் எட்டுத் தளங்களின் முதல் வரி அந்த வகையைச் சேர்ந்ததாகவே என் கண்ணில் படுகிறது. தொழில் நடத்துகிறவர் தம் பொருளுக்கு வைத்திருக்கும் பெயரும் வாங்குகிறவர் அதைக் கேட்கும் பெயரும் பல நேரங்களில் வேறு வேறு. பட்டியலில் "டிரைவ் பெல்ட்" என்று இருப்பதைக் கடைக்கு வருகிறவர் "கிரைண்டர் பெல்ட்" என்றுதான் கேட்கிறார். என்ன எழுதுவது என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம், கடையில் ஒரு நோட்டு வைத்து, தொலைபேசியிலும் நேரிலும் வரும் கேள்விகளைக் கேட்டவரின் சொற்களிலேயே எழுதி வைக்கச் சொல்வேன். கல்லாவில் இருப்பவர்கள் ஒரு மாதம் எழுதினாலே பல பக்கங்களுக்கான தலைப்புகள் கிடைத்துவிடும். அந்த நோட்டில் பெரும்பாலும் முதலில் வருவது விலை. விலையை மறைத்து "விபரங்களுக்கு அழைக்கவும்" என்று மட்டும் போட்டால், அழைக்கத் தயங்குகிறவர் விலை போட்டிருக்கும் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்குவது

தமிழில் எழுதும் வலைப்பதிவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. யூஆர்எல்லில் ஒரு தமிழ்க் குறியீடு, விழுக்காட்டுக் குறிகளோடு சேர்ந்து 9 இடங்களை எடுத்துக்கொள்கிறது. கணினிக்கு 'கோ' என்பது 'க'வும் துணைக்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள் என்பதால் 18 இடங்கள் போய்விடும். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 இடங்கள். ஆக, 22 குறியீடுகளுக்கு மேல் தலைப்பு நீண்டால் மீதி வெட்டுப்பட்டுவிடும். ஒரே சொற்களில் தொடங்கும் இரண்டு பதிவுகளின் முகவரிகள், கடைசியில் ஒட்டும் எண்ணால் மட்டும் வேறுபட்டு நிற்கும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பாதித் திரையை அடைத்துக்கொள்ளும் அந்தக் குறி மூட்டையைப் பார்த்து, வைரஸோ என்று பயந்து தட்டாமல் விடுகிற பெரியவர்களும் உண்டு. பதிவை முதன்முதலில் வெளியிடும்போதே இரண்டு மூன்று சொற்களில், ஆங்கில எழுத்தில், முகவரியைக் கையால் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே வெளியானவற்றை மட்டும், இதைப் படித்த வேகத்தில் மாற்றப் போகாதீர்கள். ஏன் என்பதை மேலே சொல்லியாகிவிட்டது.

வரைபடத்தில் தவறான நேரம்

உள்ளூர்க் கடையாக இருந்தால், தளத்தைத் தொடுமுன், கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையைப் பற்றிக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடை நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் சரிபாருங்கள்.

உங்கள் ஆட்களையே எண்ணிக்கொள்வது

வருகை கூடிவிட்டது என்று மகிழ்ச்சியோடு அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அலுவலகத்தில் எத்தனை கணினிகளில் அந்தத் தளம் முகப்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான். வருகைகளை எண்ணும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸில் அலுவலக இணைய எண்ணை (ஐபி முகவரியை) கொடுத்து அந்த வருகைகளை வடிகட்டிவிடலாம். அதே அமைப்புப் பகுதியில் இன்னொன்றையும் பாருங்கள்: விரிவான ஆய்வுக்கான தரவை அது இயல்பாக 2 மாதங்கள்தான் வைத்திருக்கும், அதை 14 மாதங்களாக மாற்றிக்கொள்ளலாம். இந்தத் தீபாவளியைப் போன தீபாவளியோடு நுணுக்கமாக ஒப்பிட வேண்டுமானால் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும் முன்பே அழிந்துபோனது திரும்பக் கிடைக்காது என்பதால், தளத்தை ஏற்றும் அன்றே அதைச் செய்துவிடுங்கள்.